மார்க் ட்வைன் வறுமையில் சாகவில்லை

"உயிரோடு இருந்தவரை மார்க் ட்வைனை யாரும் படிக்கவில்லை. விமர்சகர்கள் குப்பை என்று ஒதுக்கினார்கள். கடனாளியாகவே இறந்தார்." அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனைப் பற்றி இப்படி ஒரு ஃபார்வர்டு குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

1869-ல் வந்த அவருடைய பயண நூல் முதல் ஆண்டிலேயே பல்லாயிரம் பிரதிகள் விற்றது. மதிப்புமிக்க 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் இலக்கிய விமர்சகர் வில்லியம் டீன் ஹவல்ஸ் அதைப் பாராட்டி எழுதினார். 1907-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

'குப்பை' என்ற வசை மட்டும் நிஜம். 1885-ல் மாசசூசெட்ஸில் கான்கார்டு ஊர் நூலகக் குழு 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை அப்படிச் சொல்லி விலக்கியது. ட்வைன் அசரவில்லை. இதனாலேயே இன்னும் 25,000 பிரதிகள் போகும் என்று தன் பதிப்பாளருக்கு எழுதினார். ஒரு நூலகத்தின் முடிவை எல்லா விமர்சகர்களின் தீர்ப்பாக்குவது பெரிய அநியாயம்.

சரி, கடன்? 1894-ல் திவாலானது உண்மை. அச்சுக்கோர்ப்பு இயந்திரம் ஒன்றில் போட்ட பணம் மூழ்கியது, பதிப்பகமும் நொடித்தது. அப்புறம் இந்தியா, இலங்கை உட்பட உலகம் சுற்றி மேடையில் பேசிச் சம்பாதித்து, 1898-க்குள் கடனை முழுவதும் அடைத்தார். 1910-ல் இறந்தது கனெக்டிகட்டில், சொந்த மாளிகையில்.

அவருடைய கடிதங்களை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்க் ட்வைன் திட்ட இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.