எல்லாருக்கும் ஒரு காதல் கொடுத்த படம்

"முதலில் அக்காவுக்கு ஆகட்டும், அப்புறம் தங்கச்சியைப் பார்க்கலாம்." நம் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் யார்? இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதே பேச்சை வைத்து 1999இல் ஹாலிவுட்டில் ஒரு முழுப் படமே எடுத்திருக்கிறார்கள்: 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ'. ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தை அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுவந்த படம்.

பள்ளிக்கூடக் காதல் படம் என்றாலே "சும்மா டைம் பாஸ்" என்று தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பத்துப் பேரை உள்ளே விட்டு, பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு ஆசை கொடுத்து, எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசான வேலை இல்லை.

கதையைப் பாருங்கள். அப்பா மகப்பேறு மருத்துவர். பிள்ளை பெற வரும் சின்ன வயதுப் பெண்களைத் தினம் தினம் பார்ப்பவர், அதனால் தன் இரண்டு பெண்களை நினைத்து அவருக்கு அப்படியொரு பயம். மூத்தவள் கேட் ஒரு பையனோடு வெளியே போனால்தான் இளையவள் பியாங்காவும் போகலாம் என்று சொல்லிவிடுகிறார். கேட்டோ எந்தப் பையனையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த கேமரனுக்கு பியாங்கா மேல் ஆசை. அவன் நண்பன் மைக்கேல் ஒரு யோசனை சொல்கிறான். பணக்காரப் பையன் ஜோயியை உசுப்பிவிட்டு, அவன் காசிலேயே பேட்ரிக்கை கேட்டின் பின்னால் அனுப்புகிறார்கள். அப்பா ஒரு கதவைப் பூட்டினார், பள்ளிக்கூடமே சாவி தேடிக் கிளம்பிவிட்டது.

நம் படங்களில் நண்பனுக்கு என்ன வேலை? கடிதம் கொண்டுபோவான், அடி வாங்குவான், நாலு ஜோக் சொல்வான், இடைவேளைக்கு அப்புறம் அவன் எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் படத்தில் மைக்கேலுக்கும் ஒரு காதல் இருக்கிறது. கேட்டின் தோழி மாண்டெல்லா ஷேக்ஸ்பியர் பைத்தியம். அவளுக்காக அந்தக் காலத்து கவுன் ஒன்றைப் பள்ளி லாக்கரில் மாட்டிவைத்துவிட்டு, நடன இரவில் தானும் ஷேக்ஸ்பியர் காலத்து உடுப்பில் வந்து நிற்கிறான். மொத்தமே சில நிமிடங்கள்தான். பேட்ரிக்காக நடித்த ஹீத் லெட்ஜர் மைதானப் படிக்கட்டில் பாடிக்கொண்டே ஓடும் காட்சியைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்கு அந்த லாக்கர் கவுன்தான் பிடிக்கும்.

பதினாறு வயதில் எல்லாரும் கதாநாயகன் கதாநாயகி ஆகிவிட முடியாது. வகுப்புக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அந்த இடம். மற்றப் பிள்ளைகளுக்கும் மனசு இருக்கிறது இல்லையா? அவர்களும் திரையில் தங்களைத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடினால் ஆளுக்கொரு கட்சி. பெரியவள் கேட் பக்கம், தம்பி மகன் கேமரன் பக்கம், ஆயா மட்டும் அப்பா கட்சி. "அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்று கடைசிவரை விடமாட்டார்.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணின் பின்னால் போனவனை அவன் ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்ததும் மன்னித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அப்புறம், கறுப்பின ஆசிரியர் மார்கன். கறுப்பர் எழுதிய புத்தகம் ஒன்றைப் பாடத்துக்கு ஏன் வாங்குவதில்லை என்று அவர் கேட்கும் இடம் ஒரு வரிதான். அது இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.

இந்த நாட்டில் இருந்துகொண்டு பார்க்கும்போது அந்த வரி சுருக்கென்று தைக்கிறது. வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்யக்கூடாது என்று 1949இல் போட்ட சட்டம் 1985 வரை இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு. சாட்ஸ்வொர்த்தே அப்படி உருவான ஊர்தானே. எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பது நம் பெற்றோருக்குக் கிடைக்காத ஒன்று. அது அற்பமான விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

நம் ஊர்க் கதை திரைக்கு வராமல் இல்லை. 2017இல் ஜயன் மூட்லி இயக்கிய 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' சாட்ஸ்வொர்த்திலேயே நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவரும் பிள்ளைகளின் காதலைப் பிரிக்கக் கிளம்பும் கதை. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அது அம்மாக்களின் படம், பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

எனக்கு வேண்டியது பிள்ளைகளின் படம். அதற்கு இங்கே மேட்ரிக் டான்ஸ், அதாவது பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளின் நடன இரவு, ஒன்று போதாதா? மாதக்கணக்கில் துணி தேடி, தையற்காரரிடம் நாலு தடவை அளவு மாற்றி, வாடகைக்குப் பெரிய கார் பிடித்து, அன்றைக்குச் சாயங்காலம் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். தமிழ் வீட்டுப் பையனும் ஹிந்தி வீட்டுப் பெண்ணும் கதையில் இருக்கட்டும். ஜூலு பேசும் தோழிக்கும் சொந்தமாக ஒரு காதல் வேண்டும். யாரும் கூப்பிடாததால் தனியாகவே வந்து கடைசிவரை ஆடுகிற ஒரு பெண்ணும் வேண்டும். கார் ஓட்டிக்கொண்டு வரும் மாமாவுக்குக்கூட ஒரு பழைய கதை கொடுக்கலாம்.

டர்பனில் சினிமா படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால், எழுத ஆரம்பியுங்கள். படப்பிடிப்புக்கு எங்கள் தெருவுக்கே வாருங்கள். கார் வந்து நின்றால் போதும், கூட்டம் தானாகக் கூடிவிடும்.