ஸ்டாப் பட்டனை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்களேன்!

பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பயிற்சி என்று வாரக்கணக்கில் லேடர் (அதற்கான ஏணி வடிவப் புரோகிராம்) போட வைக்கிறார்கள்; ஸ்டாப் பட்டன் மட்டும் கடைசிவரை புரிவதில்லை. பல இடங்களில் பயிற்சிப் பலகையில் இருப்பதெல்லாம் அழுத்தினால் சேரும் என்ஓ பட்டன்தான். அதனால் லேடரில் ஸ்டாப்புக்கு என்சி கான்டாக்ட் (இன்புட் பிட் 0 ஆக இருந்தால் வழிவிடுவது) போட்டே கை பழகிவிடுகிறது. ஆலையிலோ ஸ்டாப் பட்டனே என்சி, அழுத்தினால் பிரியும். அழுத்தாதபோதே 24 வோல்ட் வரும், இன்புட் விளக்கு எரியும், பிட் 1. அங்கே லேடரில் என்ஓ கான்டாக்ட் (பிட் 1 ஆக இருந்தால் வழிவிடுவது) போட வேண்டும். பழக்கதோஷத்தில் என்சி போட்டால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புரோகிராமைத் திருத்தாமல், பட்டனுக்குப் பின்னால் மாட்டும் கான்டாக்ட் பிளாக்கை என்ஓவாக மாற்றிவிட்டு "ஓடுது சார்" என்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது! இனி வயர் அறுந்தாலும், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடும். ஸ்டாப்பை எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. என்சியாக இருந்தால் வயர் அறுந்த நொடியே நின்றிருக்கும். (எமர்ஜென்சி ஸ்டாப் கதை வேறு, அது புரோகிராமை நம்பாமல் சேஃப்டி ரிலே வழியாக, மோட்டாருக்கு மின்சாரம் தரும் கான்டாக்டரையே விழவைக்க வேண்டும்.)

பலகையில் ஒரே ஒரு என்சி பிளாக் மாட்டுங்கள். மோட்டார் ஓடும்போது அந்த 24 வோல்ட் இன்புட் வயரைக் கழற்றிக் காட்டுங்கள். அரை மணி நேர வேலை. அதற்குமா கஞ்சத்தனம்?