எழுந்து நடக்க என்னை விட்டீர்களா?

திங்கட்கிழமை விஷயம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், ஊழியர்களில் யார் எவ்வளவு எழுந்து நடந்தார்கள் என்று நடைச் செயலி போட்ட தரவரிசையில் கடைசிப் பெயர் என்னுடையதுதான். அலுவலகம் முழுக்க மின்னஞ்சல் போயிருக்கிறது. மனசு வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

பல்கலைக்கழகம் கொடுத்த அந்தச் செயலியை, "உங்களுக்கென்றே வடிவமைத்தது" என்றார்கள். வயது, எடை, உயரம் எல்லாம் கேட்டது. என்ன வேலை பார்க்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. நான் மாணவர் சேர்க்கை கவுன்டரில் இருப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வாசல்வரை நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை போன் அதிரும்: எழுந்து நடங்கள். போன வாரம் எழுந்தேன். எங்கே போகிறீர்கள் என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். கட்டண ரசீதை நீட்டிக்கொண்டிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்குத்தான் இப்போது கடைசி இடம்.

சோம்பலுக்குச் சாக்கு என்பீர்கள். வருஷா வருஷம் இங்கே மொரிஷியஸில் காத்ர்போர்ன் ஊர் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு காவடி எடுக்கிறவள் நான். செயலியே வேண்டாமா என்றால், அதையும் சொல்லவில்லை. உட்கார்ந்தே இருப்பது கெடுதல்தான். லண்டன் பஸ்களில் மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1953-லேயே ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் காட்டிவிட்டார். சரி, அந்த டிரைவரை உட்கார வைத்தது எது? அவருடைய வேலை. என்னையும் அதுதான் உட்கார வைக்கிறது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் நடந்தாலே, சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டே நிமிடம். மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு. 22 வருஷம் துணி ஆலையில் தையல் மெஷின் முன்னால் இருந்தார். ஒன்றுக்குப் போகக்கூட சூப்பர்வைசர் தலையசைக்க வேண்டும். இப்போது வலது காலில் இரண்டு விரல் இல்லை. ராத்திரி நான்தான் கட்டுப் பிரித்து மருந்து வைக்கிறேன். பஞ்சு ஒட்டிக்கொண்டால் என் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார், சத்தம் வராது.

அம்மாவையும் சோம்பேறி என்று பட்டியலில் கடைசியில் போடுவீர்களா?

கவுன்டருக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள், அரை மணிக்கு 2 நிமிடம் என்னை மாற்றிவிட. எழுந்திருக்க அனுமதி உண்டா என்ற கேள்வியைச் செயலியில் முதலில் வையுங்கள். இரண்டையும் கடிதமாக எழுதிவிட்டேன். நாளைக் காலை கொடுக்கிறேன்.