முதல் கோல் பெண் போட வேண்டும்

கால்பந்து ஊரை ஒன்றுசேர்க்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பந்தைப் போட்டாலே சேர்ந்துவிடாது. எங்கள் தெருவில் பந்தால் மூண்ட சண்டைகள்தான் அதிகம். விதியை மாற்ற வேண்டும். 1994 உலகக் கோப்பையில் சேம் சைடு கோல் போட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் அந்நாட்டின் மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அங்கே தெருப் பையன்களுக்காக ஒரு ஆட்டமுறை வந்தது. நடுவர் கிடையாது. பெண்களும் அணியில் உண்டு. முதல் கோலை ஒரு பெண்தான் போட வேண்டும். ஒழுங்காக ஆடியதற்கும் புள்ளி உண்டு. அதை இரு அணியும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யும்.

போன மே மாதம் நாங்களும் ஆடிப் பார்த்தோம். பத்து நிமிடம் பையன்கள் தங்களுக்குள்ளேயே பாஸ் கொடுத்துக்கொண்டார்கள். அப்புறம் வேறு வழியில்லாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் பந்து போனது. செருப்பைக் கையில் பிடித்தபடியே உதைத்தாள். கோல்!