கிர்ர்... கிர்ர்... டிக்

இன்னிக்குக் காலையில ஆறு நாப்பதுக்கு ஊட்டி காந்தல் பக்கம் ஒருத்தன் வண்டியை உதைச்சுக்கிட்டே அதுக்கிட்ட கெஞ்சிக்கிட்டும் இருந்தானே, நான்தான் அது.

சீட்டு மேல கல்லுப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. ரேஷன் கார்டை வச்சுச் சுரண்டினேன். அரிசி பருப்பு தவிர அதுக்கு இப்படியும் ஒரு உபயோகம்.

செல்ஃபை அமுக்கினா கிர்ர்... கிர்ர்... டிக். ராத்திரி பூரா குளிர்ல நின்ன பேட்டரி சோர்ந்து போகும், எஞ்சின் ஆயில் வெளக்கெண்ணெய் பதத்துக்கு வந்துடும். தெரியும். எட்டு வருசமா தெரியும்! காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டுற சோக்கை இழுத்துட்டு கிக்கரை மிதிச்சேன். மிதிச்சேன். மிதிச்சேன். பதினேழாவது மிதியில ஒரு தும்மல். நான் இல்ல, வண்டி. அந்த ஆசையில ஆக்சிலேட்டரை முறுக்கினேன் பாருங்க, அங்க உக்காந்திருந்தான் சனி. குப்புனு பெட்ரோல் வாடை. ஓவர்ஃப்ளோ.

உடனே கூடிட்டாங்க வைத்தியருங்க. எதிர்வீட்டுப் பெரியவர் கையில டீயோட, "சோக்கை முழுசா இழு தம்பி." பால்காரர், "சோக்கைத் தொடவே கூடாதுண்ணே." இன்னொருத்தர் வண்டியைச் சாய்ச்சுப் படுக்க வைக்கச் சொல்றாரு. படுக்க வேண்டியது நான். 2,240 மீட்டர் உசரத்துல காத்தே கம்மி. பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரைச் சமவெளிக்குத்தான் செட் பண்ணியிருக்கு, அது இங்க சும்மாவே பெட்ரோலை ஜாஸ்தி ஊத்தும், இதுல சோக்கு வேற இழுத்தா பொறி தட்டுற பிளக் பெட்ரோல்ல குளிக்காம என்ன பண்ணும்? இதை மூச்சு வாங்கிக்கிட்டே யாருக்குன்னு விளக்குறது?

கீழ்வீட்டுப் பையன் "பேட்டரிய மாத்துங்கண்ணா"ன்னுட்டு தன் ஸ்கூட்டர் பட்டனைத் தட்டினான். ஒரே தட்டு. புது மாசு விதிக்கு வந்த பி.எஸ். 6 வண்டி, கார்புரேட்டரே கிடையாது. குளிரை சென்சாரே பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்குமாம். "வர்றேண்ணா." போடா.

பிளக்கைக் கழட்டி அடுப்புல காட்டலாம்னு உள்ள போனா, "ஏங்க, இட்லிப் பானையை இறக்கிட்டு இந்த இரும்பை வேகவைக்கணுமா?"

எட்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். பிளக்கைத் துணியில துடைச்சு மாட்டினார். வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் வெயில் விழுற இடத்துல நிறுத்தினார். ஒரு பீடி முடியிற வரைக்கும் சும்மா நின்னார். அப்புறம் ஒரே ஒரு மிதி. டபடபடப. "வெயில் ஏறிடுச்சில்ல சார்." இருநூறு ரூபா. சூரியனுக்கு நான் குடுத்த கூலி.

இதைக்கூடப் பொறுத்துக்குவேன். உறைபனி பார்க்க விடிகாலையிலேயே வந்திருந்த டூரிஸ்ட் கும்பல்ல ஒரு காலேஜ் பையன், நான் மிதிக்கிறதைப் போன்ல எடுத்துக்கிட்டே இருந்தான். முப்பதாவது மிதியில நாக்குத் தள்ளி நிக்கிறேன். "அங்கிள், இன்னொரு வாட்டி மிதிங்க, வாயில இருந்து புகை சரியா விழல"ங்கிறான்.

எனக்கு 34 வயசுங்க. ஒரு குல்லா போட்டா அங்கிளா?