கோல்ஃப் குடியிருப்பில் வீடு வாங்கினால் மைதானமும் சொந்தமாகிவிடுமா?

"கோல்ஃப் குடியிருப்பில் வீடு வாங்கினால் ஆயுள் முழுக்க இலவசமாக ஆடலாம், பக்கத்தில் மைதானம் இருப்பதால் வீட்டின் விலையும் இறங்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வருவது வீடும் மனையும்தான். மைதானம் பெரும்பாலும் கிளப்பின் சொத்து. அதில் ஆட சேர்க்கைக் கட்டணமும் சந்தாவும் தனி. குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் வேறு. சில இடங்களில் வீடு வாங்கினாலே கிளப்பில் சேர்ந்தாக வேண்டும். கோல்ஃப் மட்டையைத் தொடாதவரும் சந்தா கட்டுவார். கிளப் உணவகத்தில் இவ்வளவு செலவழித்தே தீர வேண்டும் என்ற விதியும் உண்டு. சாப்பிடாவிட்டாலும் பில் வரும்!

இவற்றையெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். போட முடியாதது சிறப்பு வசூல். 18 குழி மைதானத்தின் பாசனக் குழாய்கள் பழசானால், மாற்றும் செலவு உறுப்பினர்கள் தலையில் விழலாம்.

விலை விஷயம்? மைதானம் நன்றாக நடக்கும்வரை அந்தப் பசுமைக்கு மதிப்பு உண்டு. மூடிவிட்டால் அதே ஜன்னலுக்கு வெளியே களைக்காடு. அமெரிக்காவில் 2006 முதல் பல ஆண்டுகள், புதிதாகத் திறந்த மைதானங்களைவிட மூடியவையே அதிகம்.

அமைதி, காவல், திறந்தவெளி, நீச்சல் குளம், நல்ல அக்கம்பக்கம் ஆகியவை உண்மையான பலன்கள்தான். (விடியலில் புல்வெட்டும் இயந்திரச் சத்தமும், ஜன்னலைத் தேடி வரும் பந்தும் கூடவே வரும்.) முன்பணம் தருவதற்குமுன் கிளப்பின் விதிமுறைகளையும் வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்றால் உறுப்பினர் உரிமை என்னாகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.