புல்பார் சிறிய காருக்குப் பாதுகாப்பு தருவதில்லை

புதிதாகச் சிறிய கார் வாங்கியவர்கள் முதல் வேலையாக முன்பக்கத்தில் புல்பார் எனப்படும் இரும்புக் குழாய்த் தடுப்பைப் பொருத்திவிட்டால், விபத்தில் உள்ளிருப்பவர்களுக்குக் காயம் படாது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு. காரின் முன்பகுதி மோதும்போது நசுங்கும்படியே வடிவமைக்கப்படுகிறது; அது நசுங்கும் கண நேரத்தில்தான் மோதலின் விசை பெருமளவு உறிஞ்சப்பட்டு, பயணிகள் அமர்ந்திருக்கும் பகுதிக்குக் குறைவாகச் செல்கிறது. காரின் அடிச்சட்டமான சேஸிஸோடு நேரடியாக இணைக்கப்படும் புல்பார் அந்தப் பகுதியைத் தன் வேலையைச் செய்யவிடாமல் விசையை நேரே உள்ளே கடத்திவிடக்கூடும். ஏர்பேக் சென்சார்களும் அதனால் உரிய நேரத்தில் செயல்படாமல் போக வாய்ப்புண்டு. லேசான உரசலில் பம்பர் தப்புவது உண்மைதான். ஆனால் சாலையைக் கடக்கும் ஒருவர் மீது, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக இரும்புக் குழாய் மோதுவதை எண்ணிப் பார்க்கும்போது, அந்தச் சேமிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், இத்தகைய தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தெரிவித்து, நடவடிக்கை எடுக்குமாறு மாநில அரசுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே, கடைகளில் விற்கப்படுவதாலேயே அனுமதி உண்டு என்ற வாதமும் பொருந்தாது. ஏற்கெனவே பொருத்தியவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும்.